நம் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இல்லையா?

2025 செப்டம்பர் 27ஆம் நாள் இரவு கரூரில் நெரிசலில் சிக்கி 41 உயிர்கள் போயின. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் சிலர் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் மஹல்லாவின் பெரியவர் ஒருவர், "அல்லாஹ் காப்பாத்தினான், நம்ம புள்ளைங்க இந்தக் கூத்துக்கெல்லாம் போறதில்ல" என்றார். சுற்றி நின்றவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். நானும் சொன்னேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே தேநீர்க் கடையில் நின்ற நான்கு இளைஞர்கள் கண்ணில் பட்டார்கள். அவர்களில் இருவருடைய கைப்பேசி உறையில் அந்த நடிகரின் படம் இருந்தது. இருவரில் ஒருவன் அந்தப் பெரியவரின் பேரன்.

அன்புச் சகோதரர்களே, இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திற்கு எதிரானது. நான் நாவால் துணைபோன வாக்கியம் என்பதால் முதலில் எனக்கே எதிரானது. அது உண்மைக்குப் புறம்பானது. நம் பிள்ளைகள் எல்லாக் கூட்டங்களிலும் இருக்கிறார்கள். அது இரக்கமற்றது, அங்கே மூச்சடைத்து இறந்த குழந்தைகளும் பெண்களும் யாரோ ஒருவருடைய பிள்ளைகள், யாரோ ஒருவருடைய தாய்மார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அது நம் கடமையிலிருந்து நம்மை நாமே விடுவித்துக்கொள்ளும் தந்திரம். "அவர்கள் அப்படி, நாம் இப்படி" என்று சொல்லிவிட்டால் அதன்பின் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை அல்லவா?

கரூரில் நடந்தது அரசியல் கட்சியொன்றின் பரப்புரைக் கூட்டம். குற்றம் யாருடையது என்பதை விசாரணை முடிவு செய்யட்டும். அதில் தீர்ப்பு வழங்க நான் யார்? ஆனால் அந்தக் கட்சி ரசிகர் மன்றங்களின் மேல் எழுந்தது என்பதை அக்கட்சியினரே மறுக்கமாட்டார்கள். ஆகவே ரசிகர்கள் எப்படிக் கூடுகிறார்கள், எங்கே கூடுகிறார்கள், யாருக்காகக் கூடுகிறார்கள் என்ற கேள்வியை நாம் தள்ளிவைக்க முடியாது. இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஊர் விடை வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

வாளையாறுக்கு அப்பால்

2023 ஜனவரியில் பொங்கலையொட்டி வெளியான இரு பெரிய நடிகர்களின் படங்களுக்கு நள்ளிரவுக்குப் பின்னும் விடியுமுன்பும் காட்சிகள் போடப்பட்டன. அன்று சென்னை கோயம்பேட்டில் ஓடும் லாரியில் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் கீழே விழுந்து உயிரிழந்தார். அதே ஆண்டு அக்டோபரில் வெளியான பெரிய படத்திற்குத் தமிழக அரசு காலை 9 மணிக்கு முன் காட்சி நடத்த அனுமதிக்கவில்லை. கேரளத்திலோ அதிகாலை 4 மணிக்கே திரை விலகியது. விளைவு என்ன? எல்லையோர மாவட்டங்களின் இளைஞர்கள் பாலக்காட்டிற்குப் புறப்பட்டார்கள். தஹஜ்ஜுதுக்கு எழ முடியாத கண்கள் மாநில எல்லையைக் கடந்து விழித்திருந்தன. இங்கே ஒரு கதவை மூடினால் பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

அதே பாலக்காட்டைத் தாண்டி மலப்புறத்திற்கும் கோழிக்கோட்டிற்கும் சென்றால் வேறு வகைக் கூட்டத்தைக் காணலாம். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு மாவட்டத்துப் புள்ளாவூரில் ஓடும் சிற்றாற்றின் நடுவே மெஸ்ஸிக்கு 30 அடி உயரத்தில் உருவம் எழுப்பினார்கள் அர்ஜென்டினா ரசிகர்கள். சில நாள்களில் பிரேசில் ரசிகர்கள் நெய்மருக்கு 40 அடியில் எழுப்பினார்கள். அதற்கும் மேலாக ரொனால்டோ வந்து நின்றார். அந்தப் படத்தை ஃபிஃபாவே தன் பக்கத்தில் பகிர்ந்தது. கொச்சிக்கருகே முண்டக்காமுகளில் 17 நண்பர்கள் கூடிப் போட்டிகளைப் பார்ப்பதற்கென்றே 23 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டை விலைக்கு வாங்கினார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே பித்துதான். இங்கே சுவரொட்டியும் பாலாபிஷேகமும். அங்கே ஆற்றின் நடுவே உருவம். ஆனால் சற்று நின்று பாருங்கள். புள்ளாவூரில் உருவம் எழுப்பியவர்களும் அதற்குப் போட்டியாக எழுப்பியவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். யார் பணம் கொடுத்தார், யார் கயிறு கட்டினார், யார் கிண்டல் செய்தார் என்பதெல்லாம் ஒருவருக்கொருவர் தெரியும். மெஸ்ஸி புள்ளாவூருக்கு வரப்போவதில்லை. அதனால் அவரைக் காண யாரும் யாரையும் நெருக்கித் தள்ளவும் இல்லை. அந்தக் கூட்டத்தின் மையத்தில் இருந்தது அர்ஜென்டினாக்காரர் ஒருவரின் படம். ஆனால் அதைச் சுற்றி நின்றது ஊர்.

மலபாரின் செவன்ஸ் கால்பந்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அணிக்கு ஏழு பேர், அறுவடை முடிந்த வயலிலோ பள்ளி மைதானத்திலோ இரவு விளக்கொளியில் ஆட்டம், நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் வந்து ஆடும் வீரர்கள், பக்கத்து ஊர்களிலிருந்து திரண்டு வரும் பார்வையாளர்கள். போட்டியை நடத்துவது ஊர் மன்றம். அதன் வருவாய் நோயாளிகளுக்கான உதவிக்கும் வலி தணிப்பு மையங்களுக்கும் செல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அங்கே ஒரு பையன் வம்பு செய்தால் ஆட்டம் முடிவதற்குள் செய்தி அவன் தந்தையை எட்டிவிடும்.

2022 மே 2 அன்று மஞ்சேரி பய்யநாடு மைதானத்தில் சந்தோஷ் கோப்பை இறுதிப் போட்டி நடந்தது. கேரளமும் மேற்கு வங்கமும் 1-1 எனச் சமநிலையில் நிற்க, பெனால்டியில் 5-4 எனக் கேரளம் வென்றது. அது நோன்பு மாதத்தின் கடைசி நாள். மறுநாள் அங்கே பெருநாள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டத்தில், அப்படியொரு இரவில், மைதானம் நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் பெருநாள் காலையில் வீடு திரும்பியிருந்தார்கள். கூட்டம் என்றாலே குழப்பம் என்று பயான் செய்பவர்கள் அந்த இரவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முகத்திற்காகக் கூடும் கூட்டம்

நம் தமிழகத்தில் ரசிகர் மன்றம் வேறு வரலாறு கொண்டது. 1950களில் எம்.ஜி.ஆர். பெயரில் தோன்றிய மன்றங்கள், 1972 அக்டோபரில் அவர் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது அந்தக் கட்சியின் கிளைகளாயின. அன்று முதல் ஒவ்வொரு நடிகரின் மன்றத்திலும் அந்தக் கனவு ஒளிந்திருக்கிறது. கிளை மன்றம், ஒன்றியம், மாவட்டம், தலைமை மன்றம் என்று படிக்கட்டு மேலே மேலே போகும். உச்சியில் இருப்பது ஒரே ஒரு முகம்.

இந்த அமைப்பிலும் நன்மை இல்லாமலில்லை. பிறந்தநாளில் இரத்ததானம் செய்கிறார்கள். வெள்ளத்தில் படகு தள்ளுகிறார்கள். சாதியும் மதமும் பாராமல் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நிற்கிறார்கள். முஸ்லிம் பையனைத் தம்பி என்று அழைத்துப் பொறுப்பும் கொடுக்கிறார்கள். நம் ஜமாஅத்தின் செயற்குழுவில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு நாற்காலி கொடுத்திருக்கிறோமா? கொடுத்திருந்தால் அவன் வேறிடத்தில் நாற்காலி தேடியிருப்பானா?

ஆயினும் அந்தப் படிக்கட்டின் குறை இதுதான்: உச்சியிலுள்ள முகம் வரும் நாளில்தான் பெருங்கூட்டம் கூடுகிறது. பத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒரே சாலையில் பல மணி நேரம் காத்து நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாது. மயங்கி விழும் குழந்தையின் வீடு எதுவென்று தெரியாது. எல்லாக் கண்களும் ஒரே திசையில் இருக்கும்போது அருகில் நிற்பவரைப் பார்க்க யாருமில்லை.

இன்னொன்றையும் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 2011இல் அஜித் தம் ரசிகர் மன்றங்களைக் கலைப்பதாக அறிவித்தார். ரஜினிகாந்த் 2017 டிசம்பர் 31 அன்று அரசியலுக்கு வருவதாகச் சொன்னார். 2020 டிசம்பர் 29 அன்று வரப்போவதில்லை என்றார். 2021 ஜூலையில் தம் மக்கள் மன்றத்தைக் கலைத்தார். அது அவர்களுடைய உரிமை. அஜித்தின் முடிவை நேர்மையானது என்றுகூடச் சொல்வேன். ஆனால் இருபது ஆண்டுகள் சுவரொட்டி ஒட்டிய கைகளுக்கு அந்த அறிக்கைகளில் என்ன விடை இருந்தது? முகத்திற்காகக் கட்டிய மன்றத்தை அந்த முகம் ஒரே தாளில் கலைத்துவிடலாம். ஊருக்காகக் கட்டிய மன்றத்தைச் சென்னையிலிருந்து எவரும் கலைக்க முடியாது.

மண்ணின் குணமா?

"மலையாளிகள் படித்தவர்கள், நம்மவர்கள் உணர்ச்சிவசப்படுபவர்கள்" என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடுவோர் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. அதே மலப்புறத்தில் 2022 மார்ச்சில் பூங்கோட்டில் செவன்ஸ் போட்டிக்காக எழுப்பிய தற்காலிக மேடை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். ஊர்ப்பாசம் பலகையைத் தாங்கிப் பிடிக்காது. கேரளத்திலும் நடிகர்களுக்கு மன்றங்கள் உண்டு. தமிழ் நடிகர்களின் படங்களுக்கு விடியுமுன்பே மேளம் கொட்டுபவர்கள் அங்கும் உண்டு.

மறுபக்கத்தில் நம் சேப்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தான் 12 ரன் வித்தியாசத்தில் இந்தியாவை வென்றது. கைக்கெட்டிய வெற்றி நழுவிய அந்த வேளையில் சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த வாழ்த்தை ஏற்றார்கள். அடுத்த சில வாரங்களிலேயே கொல்கத்தாவின் ஈடன் கார்டனில் அதே இரு அணிகள் ஆடியபோது கலவரம் மூண்டது. பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டு வெற்று அரங்கில் ஆட்டத்தை முடித்தார்கள். கொல்கத்தாவுக்குப் படிப்பு குறைவா? சென்னைக்கு உணர்ச்சி இல்லையா? இரண்டும் இல்லை. சேப்பாக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெரியவரும் சிறியவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஆட்டம் பார்த்திருக்கிறார்கள். எப்போது கைதட்ட வேண்டும் என்பதைத் தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொடுத்த அரங்கம் அது. பண்பு கற்பிக்கப்படுவது. கற்பிக்கப் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் மஹல்லாப் பெரியவர் தேநீர்க் கடையைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

தடை மட்டும் போதுமா?

2022 நவம்பரில் கேரளத்தின் சமஸ்தாவைச் சேர்ந்த குத்பா கமிட்டியின் பொதுச்செயலாளர் கால்பந்துப் பித்தைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார். தொழுகை தவறுகிறது, வீண்விரயம் பெருகுகிறது, அபிமானம் வழிபாடாக மாறுகிறது என்பவை அவருடைய கவலைகள். மலபாரைத் தாக்கிய போர்ச்சுகலின் கொடியை ஏந்தலாமா என்றும் கேட்டார். விளையாட்டு ரசனை தனிமனித உரிமை என்று மாநில அமைச்சர் பதிலளித்தார். இரு தரப்பும் தத்தம் திசையில் பேசி முடித்தன.

முதல் மூன்று கவலைகளும் எனக்கும் உண்டு. பள்ளிக் கட்டணம் கட்டத் தவணை கேட்கும் வீட்டிலிருந்து உருவத்திற்கு நன்கொடை போவதை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் நான்காவதை ஏற்க இயலவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் செய்த கொடுமைகளை ஸைனுத்தீன் மக்தூம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் பதிந்து வைத்திருக்கிறார்; அதை ஒவ்வொரு மாணவனும் கற்க வேண்டும். அதற்காகப் பந்து உதைக்கும் ஒருவனின் சட்டையை அணிந்த சிறுவனை வரலாற்றுத் துரோகியாக்கினால் அவன் வரலாற்றையும் வெறுப்பான், மிம்பரையும் வெறுப்பான்.

எனினும் அந்த ஆலிமுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். அவருக்குத் தம் பிள்ளைகள் இரவில் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. நம் பக்கத்தில் எத்தனை குத்பாக்களில் முதல்நாள் காட்சியைப் பற்றிய பேச்சு வந்திருக்கிறது? வந்தபோதும் "சினிமா ஹராம்" என்ற ஒரு சொல்லோடு முடிந்திருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்ட பையன் போவதை நிறுத்தவில்லை. சொல்லிவிட்டுப் போவதை நிறுத்தினான். அத்தாவுக்குத் தெரியாமல், அண்ணன் துணையில்லாமல், தெரியாத ஊரின் தெரியாத சாலையில் அவன் நிற்கிறான். ஓர் இரவு அவனுக்கு மூச்சு முட்டினால் யாரை அழைப்பான்?

மார்க்க அறிஞர்கள் இங்கே 'அஸபிய்யா' என்ற சொல்லை எடுப்பார்கள். தன் கூட்டம் என்பதற்காக அநீதிக்கும் துணைபோகும் வெறியை நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்தார்கள். எதிரணி ரசிகனின் தாயைத் திட்டும் நாவும், தன் நாயகன் எது செய்தாலும் நியாயம் கற்பிக்கும் நாவும் அந்தக் கண்டனத்திற்குள் வருபவையே. ஆனால் அதே சொல்லைப் பதினான்காம் நூற்றாண்டின் இப்னு கல்தூன் இன்னொரு பொருளிலும் ஆண்டார்: மனிதர்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் பிணைப்பு, அது தளர்ந்தால் சமூகம் தளரும். நம் இளைஞர்கள் தேடுவது இந்த இரண்டாவதை. நாம் அதைக் கொடுக்காததால் முதலாவது அவர்களைப் பிடித்துக்கொள்கிறது.

மினா தந்த பாடம்

"நம் கூட்டங்களில் இறையச்சம் உண்டு, அதனால் ஒன்றும் ஆகாது" என்பாரும் உண்டு. அவர்களுக்கு மினாவை நினைவூட்டுகிறேன். 1990 ஜூலை 2 அன்று மினாவின் சுரங்கப்பாதையில் 1,426 ஹாஜிகள் நெரிசலில் மாண்டார்கள். 2006 ஜனவரியில் ஜமராத்தில் 340க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இஹ்ராம் அணிந்து லப்பைக் சொன்ன உடல்களைவிட இறையச்சம் மிக்க கூட்டம் எது? 2006க்குப் பிறகு பழைய பாலத்தை இடித்துப் பல அடுக்குகளில் புதிய ஜமராத் பாலம் எழுப்பினார்கள்; செல்லும் வழியும் திரும்பும் வழியும் பிரிக்கப்பட்டன; ஒவ்வொரு குழுவும் கல்லெறியும் நேரம் குறிக்கப்பட்டது. அதற்குப் பின்னும் 2015இல் மினாவின் வேறொரு சாலையில் பேரிழப்பு நேர்ந்தது.

நெரிசல் என்பது ஒழுக்கக்கேட்டின் தண்டனை போல நாம் பேசுகிறோம். அது இடமும் எண்ணிக்கையும் சார்ந்தது. ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் நின்றால் எவரும் தம் விருப்பப்படி நகர முடியாது. கூட்டம் தண்ணீர்போல அலைபாயும். பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. மார்பு விரிய இடமின்றி, நின்றபடியே மூச்சடைத்து இறக்கிறார்கள். 2024 டிசம்பர் 4 அன்று ஹைதராபாத்தில் திரையரங்க வாயிலில் ஒரு தாய் இறந்தார். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்தில் 11 பேர் இறந்தார்கள். மொழியும் மாநிலமும் வேறு, மூச்சு ஒன்றுதான்.

இனி என்ன செய்யலாம்?

ஜமாஅத் நிர்வாகிகளே, உங்களிடம் சில கேள்விகள். வக்ஃபு நிலத்தில் கடை கட்டி வாடகை வாங்கத் தெரிந்த நமக்கு, அதில் ஒரு மூலையைப் பிள்ளைகள் பந்து உதைக்க ஒதுக்கத் தெரியவில்லையே, ஏன்? பெருநாளிலும் நம் பெண்களும் குழந்தைகளும் மகிழ்ந்து கூட ஓரிடம் அமைத்திருக்கிறோமா? அவர்கள் வேறு கூட்டத்தின் ஓரத்தில் நிற்பதைக் குறைகூற நமக்கு என்ன தகுதி?

2026 ஜூன் 11 அன்று அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளில் கால்பந்து உலகக் கோப்பை தொடங்கி ஜூலை 19 வரை நடக்கிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள். நம் நேரத்தில் பெரும்பாலும் நள்ளிரவும் அதிகாலையும். பிள்ளைகள் பார்க்கத்தான் போகிறார்கள். எங்கே, யாருடன் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். ஷாதி மஹாலில் ஒரு திரை கட்டுங்கள். ஃபஜ்ருக்குப் பாங்கு சொன்னதும் திரையை அணைத்துவிட்டு அனைவரும் எழுந்து பள்ளிக்குச் செல்லுங்கள். பக்கத்துத் தெரு இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகளையும் அழையுங்கள்; தொழுகை முடியும்வரை அவர்களுக்குத் தேநீர் கொடுங்கள். இரு பெரியவர்கள் உடனிருக்கட்டும். உருவத்திற்கு ஆகும் பணத்தில் ஊருக்கு ஒரு பந்தும் வலையும் வாங்குங்கள்.

இளைஞர்களே, உங்களிடமும் ஒன்று. வெளியூர்க் கூட்டத்திற்குப் போவதானால் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தனியே போகாதீர்கள், குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். வெளியேறும் வழி எது என்று பார்த்த பிறகே நில்லுங்கள். கைகளை உயர்த்த இடமில்லாத அளவுக்கு நெருக்கம் வருமுன் விலகிவிடுங்கள். அருகில் நிற்பவரின் பெயரைக் கேளுங்கள். நீங்கள் நேசிக்கும் அந்த முகத்திற்கு உங்கள் பெயர் தெரியாது. உங்கள் தாய்க்குத் தெரியும்.

அந்தப் பெரியவரிடம் சென்ற வாரம் இதையெல்லாம் சொன்னேன். வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "பேரனுக்கு என்னென்ன புடிக்கும்னு எனக்குத் தெரியல தம்பி" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. என் மகனைப் பற்றி எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

கரூரிலும் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு வல்ல இறைவன் பொறுமையைத் தருவானாக. நம் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று அறியும் கண்களை நமக்கும் தருவானாக.